எது உடையட்டும்

மணலி எக்ஸ்பிரஸ் சாலையில், விடியற்காலை மூன்று மணி,
இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றிய நொடி
ப்ரொபெல்லர் ஷாஃப்ட் முறிந்தது.
சத்தம் பிறகுதான் வந்தது.
முதலில் இடப்பக்கத் தரைத்தகடு எழும்பியது
அன்செல்மின் கணுக்காலுக்கு நாலு விரல் தள்ளி,
ஒரு முஷ்டி அளவுக்கு.

செய்யக்கூடாததுதான். அதை அவன் சொல்லவில்லை.
இறங்கி, முறிந்த குழாயைக் காலால் உருட்டிப் பார்த்து,
"இந்நேரம் ஆட்டோ கிடைக்குமா?" என்றான்.
அதற்கப்புறம் அந்த சீட்டில் அவன் உட்காரவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில், முப்பத்தெட்டு பெட்டி வரை எண்ணிவிட்டேன்.
அந்தப் பக்கம் ஷெட்டில் என் காண்டெஸா
நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது,
ஜப்பான் எஞ்சினும், பின்னால் டிஃப்ரென்ஷியலும்,
இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாமலும்.

அலுமினியம் போடு என்கிறான் பெரம்பூர் தினகர்.
எடை பாதிதான். ஆனால் அதே பலத்துக்கு அது பருக்க வேண்டும்,
பருத்தால் டனலில் உரசும்.
கார்பன் ஃபைபர் என்றால்
உடையும்போது விளக்குமாறு மாதிரிப் பிரிந்துவிடுமாம், தரையைக் குத்தாதாம்.
விலை கேட்டேன்.
எடைமேடையில் உட்கார்ந்து ஏழு மாதம்
கன்டெய்னர் லாரிகளுக்கு ரசீது கிழிக்கவேண்டும் நான்.

வியாசர்பாடி லேத்தில் ரஹ்மதுல்லா தலை தூக்காமல் சொன்னார்:
"ஸ்டீல். மூணு அங்குலம், ஒரே துண்டு.
நடு பேரிங் வேணாம். பேலன்ஸ் பண்ணித் தரேன்.
ஆனா ஒண்ணு மேடம், இது உடையாது.
அப்ப எது உடையணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
கிராங்கில் புறப்பட்டது டயருக்குப் போய்ச் சேரவேண்டும்.
வழியில் கிளட்ச், கியர்பாக்ஸ், கிராஸ், குழாய்,
கிரவுன் பினியன், ஆக்ஸில்.
இவற்றில் ஏதோ ஒன்று எப்போதும் இளைத்தது.
அதைத் தடித்ததாய் மாற்றினால்
பலவீனம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்,
தெருவைவிட்டுப் போகாது.
கியர்பாக்ஸ் அறுபதாயிரம். ஆக்ஸில் கிடைப்பதே இல்லை.
கிராஸ் தொள்ளாயிரம் ரூபாய்.

கிராஸ் உடையட்டும்.

உடைந்தால் ஷாஃப்ட் அவிழ்ந்து சுழலும். முன் முனை ரோட்டில் குத்தினால்
வண்டியையே கோலூன்றித் தாண்டவைக்கும்.
அதனால் காசிமேட்டுக்குப் போனேன்,
விசைப்படகுக்கு வெல்டிங் வைக்கும் லூர்துவிடம்.
ஆறு மில்லி பட்டையை வளைத்தபடி கேட்டார்:
"படகுல ஷாஃப்ட் போனா நாங்க நடுக்கடல்ல நிப்போம்.
நீ ரோட்டுலதானே நிக்கப்போற,
எதுக்கு ரெண்டு வளையம்?"

முன்பக்கத்துக்கு ஒன்று என்றேன்.
மற்றதைப்பற்றிச் சொல்லவில்லை.
அவரும் மீன் வண்டிக்கு வழிவிட எழுந்துபோனார்.

பிறகு அளவு. ஸ்டாண்டில் நிற்கும்போதே டேப் பிடித்து
ஆயிரத்து நூற்று இருபத்தாறு என்று உள்ளங்கையில் எழுதியிருந்தேன்.
"சக்கரம் தொங்கறப்ப எடுத்ததா?" என்று ரஹ்மதுல்லா
கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்.
பத்து வருஷமாய் லாரிகளுக்கு எடைபோடுகிறவள்,
எனக்குத் தோன்றவில்லை.

யார்டில் லாரிக்காரர்களின் குழிமேல் வண்டியை ஏற்றினோம்.
டேங்க் நிரப்பி, என் எடைக்கு ஓட்டுநர் சீட்டில் சிமென்ட் மூட்டை.
இடப்பக்கத்துக்கும் மூட்டை தேடிக்கொண்டிருந்தேன்.
அன்செல்ம் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.
ஸ்பிரிங் ஒருமுறை முனகி அடங்கியது.

குழிக்குள் நான்.
ஸ்லிப் யோக்கை முழுக்கத் தள்ளி, ஓர் அங்குலம் திரும்ப இழுத்து,
பினியன் ஃபிளேஞ்சு வரைக்கும் டேப்.
தலைக்கு நேர்மேலே அந்தப் புடைப்பின் அடிப்பக்கம்,
இங்கிருந்து பார்த்தால் குழிவாய், என் கை நுழையும்படி.
அதற்கு மேலேதான் எங்கோ அவன் செருப்பு.

"ஆயிரத்து நூற்றுப் பதினேழு."

"பத்தொம்பதா?"

"பதினேழு. அசையாதே."

"அசையலை," என்றான்.
பேனா எழுதும் சத்தம் கேட்டது.